செபஸ்தியாரின் தண்டும் என் கவைத்தடியும்

என் நெட்டை மச்சான், அன்பு மரியான்,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் அங்கே வந்து உனக்குச் சொல்வதற்கு முன்னால். போன ஞாயிறு மகளின் நெட்பால் காலுறைகள் இரண்டை மடித்துச் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். கொஞ்சம் உயரம் கூடும் என்ற நப்பாசைதான். வாசல் படியில் கால் வழுக்க, ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. ஊதா நிறம் வேறு. "அப்பா, தட்ஸ் மைன்!" என்று கத்தினாள் மகள், பாண்ட் வாத்தியம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து.

எதற்கு இந்தக் கூத்து என்று நீ கேட்கமாட்டாய். உன் இடம் காலியாக இருந்தது.

நினைவிருக்கிறதா, நாம் ஊரை விட்டு உலகத்தின் தெற்குக் கோடியில் இந்தக் கிரவீனுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுச் சார்லி நம்மைத் தங்கள் மால்டாத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனது? அவன் தீவு ஊருக்கும் நம் ஊருக்கும் ஒரே செபஸ்தியார். அங்கே யூலை வெயிலில் ஊர்வலமாக எடுக்கும் அவர் சுரூபத்தை இங்கே யூலைக் குளிரில் எடுத்தார்கள். மாடிப் பலகணிகளிலிருந்து காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டவேண்டுமாம். கிரவீனில் பலகணிக்கு எங்கே போவது? சார்லியின் மனைவி ஏணியில் ஏறி நின்று கொட்டினாள்.

எனக்கு அன்றே வயிறு எரிந்தது. அவர்கள் ஆசைப்பட்டால் விமானம் ஏறிப்போய் ஊர்த் திருவிழாவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நம் மன்னார்க் கரையில் சுரூபம் வெளியே வந்து எத்தனை வருடம்? சண்டைக்குள் யார் தூக்குவது?

சார்லியிடம் சொன்னபோது, என் ஆங்கிலத்தைப் போலவே நொண்டும் ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டு சொன்னான்: "பொறாமை இல்லாமல் திருவிழாவா? எங்கள் ஊரில் இரண்டு பாண்ட் குழு. மற்றவனை விடச் சத்தமாக ஊதவேண்டும் என்றுதான் இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன."

அந்தப் பொறாமை பிறகு உன் பக்கம் திரும்பியது. சுரூபம் நிற்கும் மேடையின் தண்டைத் தோளில் தூக்குகிறவர்கள் ஒரே உயரமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சுரூபம் சாய்ந்துவிடும். ஆள் போதாதென்று சார்லி நம் இருவரையும் சுவரோடு நிற்கவைத்து அளந்து பார்த்தான். உனக்குத் தோள் மெத்தை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது கவைத்தடி, ஊர்வலம் நிற்கும் இடங்களில் தண்டைத் தாங்கிக்கொள்ளும், நுனி இரண்டாகப் பிரிந்த கம்பு. படங்களில் எல்லாம் நீயும் செபஸ்தியாரும். ஓரத்தில் என் முழங்கை. உன் தங்கச்சி அதில் ஒன்றைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டு ஹோலில் மாட்டினாள்.

"இதில நான் எங்க?"

"உங்கட கை தெரியுதுதானே. பிறகென்ன?"

ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீ திரும்பிப் பார்க்காமலே கேட்பாய்: "வைச்சிட்டியோ மச்சான்?" நான் தடியை ஊன்றி, தண்டு கவைக்குள் அமர்ந்ததும் சொல்வேன்: "வைச்சாச்சு, விடு." அதன் பிறகுதான் தோளை எடுப்பாய். சார்லி நூறு தரம் சொன்னாலும் எடுக்கமாட்டாய். உன் தோளைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த எனக்கு இது பெரிதாகத் தெரியவில்லை.

போன ஞாயிறு உன் இடத்தில் போய் நின்றேன். காலுறை இருந்தும் தண்டுக்கும் என் தோளுக்கும் நடுவே ஒரு கை நுழையும். சார்லி குனிந்து பார்த்துவிட்டு, "நீ தூக்கவில்லை, நிழலுக்கு நிற்கிறாய்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு அவன் உன் தோள் மெத்தையை என் கையில் வைத்தான். அவனுடைய மச்சான் ஒருவன் தீவிலிருந்து வந்திருக்கிறான், உன் உயரம். "நீ கொடுத்தால்தான் அவன் நிற்பான்," என்றான் சார்லி. பார்த்தாயா, அவனுக்குத் தண்டு தூக்கவும் மச்சான் இருக்கிறான். மனமில்லாமல் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டேன்.

முதல் நிறுத்தத்தில் ஊன்றினேன். புதியவன் ஒன்றும் கேட்கவில்லை. தானாகவே தோளை எடுத்துவிட்டான்.

அப்போதுதான் ஆஸ்பத்திரிக் கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்தது. கடைசி நாள், கண் திறக்காமல் நீ கேட்டாய்: "வைச்சிட்டியோ மச்சான்?"

"அண்ணை என்ன கேக்கிறார்?" என்றாள் உன் தங்கச்சி.

"மயக்கத்தில ஏதோ கதைக்கிறான்."

பதில் எனக்குத் தெரியும். சொன்னால் நீ விட்டுவிடுவாய் என்பதும் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்துப் போனாய். நான் உன் காலடியில் போர்வையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

அடுத்த வருடமும் அந்தத் தடி என் கையில்தான் இருக்கும். நம் கரையில் சுரூபம் மறுபடி வெளியே வரும் நாளில் அங்கேயும் ஒரு தடியோடு போய் நிற்பேன், காலுறை வைக்காமல். நீ இப்போது செபஸ்தியாரை நேரிலேயே பார்த்திருப்பாய்; அந்த எரிச்சல் எனக்குத் தனி.

அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். வைச்சாச்சு மச்சான். விடு.

உன் தங்கச்சியின் புருஷன்,
குள்ள மச்சான்