பக்கத்து சீட்டில் மணல்மூட்டை

என்னவளுக்கு,

இடுப்பு வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் புதுக் கம்பெனியின் முதல் காரை விடியற்காலைப் பனியில் ஓட்டிப் பார்க்கிறோம். சத்தமே இல்லாத பேட்டரி கார், மேகத்துக்குள் மிதப்பது போலிருக்கும். ஆள் எடைக்காகப் பக்கத்து சீட்டில் மணல்மூட்டைக்கு பெல்ட் போட்டிருப்பார்கள். நேற்று பிரேக் சோதனையில் மிதித்ததும், நீ உட்கார்ந்திருந்தால் பிடிப்பேனே, அப்படியே என் கை ஸ்டியரிங்கை விட்டு மூட்டையைத் தாங்கிவிட்டது. சோதனை வீண்.

"மூட்டைக்கு அடியா பட்டுடும், அண்ணே?" என்று இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி கையை எடுத்தால் வேறு டிரைவர்தானாம். பயப்படாதே, எடுக்க மாட்டேன்.

நீ போர்த்தும் பழைய போர்வையை அனுப்பு, துவைக்க வேண்டாம். உன் எடையையும் எழுது. மூட்டையை அந்த அளவுக்குக் கட்டச் சொல்கிறேன்.

கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

உன் டிரைவர்