மீன் நிற்கும் கிண்ணம்

அன்புள்ள அக்கா,

அம்மாவை நேற்றுப் புதைத்தோம். இனி நீ கன்னியர் மடத்திலிருந்து அவசரப்பட்டு வர வேண்டாம். அவள் படுக்கையருகே ஒன்பது நாள் நான் தூங்கவில்லை.

உள்ளே அடியில் மீன் உருவம் நிற்கும் நம் வெண்கலக் கிண்ணத்தையும் அப்பா குழியில் வைத்தார்.

"செத்தவளுக்கு இது எதுக்கு, ஓஸ்ரிக்? மாட்டுறதுக்கு மூணு வளையம் இருக்கு, கோயில்ல விளக்காத் தொங்கட்டும்" என்றார் பாதிரியார் அப்பாவிடம்.

"அங்கயும் விருந்தாளிங்க வருவாங்க சாமி. கை கழுவ என்னத்த நீட்டுவா?" என்றார் அப்பா.

விருந்துதோறும் அதை ஏந்தி நின்றே அம்மாவின் தோள் சாய்ந்துபோனது. அங்கேயாவது அவள் உட்காரட்டும் என்று, போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்து கிண்ணத்தை எடுத்து ஒளித்துக்கொண்டேன். அப்பாவுக்குத் தெரியாது. இனி விருந்தில் அம்மா இடத்தில் நின்று நான் ஏந்துவது மரத்தொட்டி. அது இன்னும் கனம்.

கிண்ணம் இக்கடிதத்தோடு வருகிறது. யாருக்கும் ஏந்தாதே, அக்கா. அதில் உன் கையைக் கழுவிக்கொள்.

உன் தங்கை