முகம் தெரியாத ஆள் மூடிய பெட்டி

பிப்ரவரி 9, ராமநாதபுரம்
லீவு போட்டுவிட்டு ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தேன். அய்யா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி காப்பி குடிக்கிறார். சாயல்குடியில் மிளகாய்க் காட்டில் மயங்கி விழுந்தவரைப் பக்கத்து வயல் காளிராஜ் அண்ணன்தான் தூக்கி, தன் வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். நன்றி சொன்னேன். "இருக்கட்டும் தாயி, ஆடு கட்டாமக் கிடக்கு, வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 10, மதுரை
இதயத் துடிப்பு ரொம்பக் குறைவாம். பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்று இங்கே அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு அதைக் கேட்டதும் தெம்பு வந்துவிட்டது. "நம்ம சத்யா கம்பெனில செய்யிறதுதான?"

ஆமாம், அதேதான். பேட்டரியும் சர்க்யூட்டும் வைத்த டைட்டானியம் கூட்டின் இரண்டு பாதிகளையும் லேசர் வெல்டிங் செய்து, துளி ஈரம் புகாமல் மூடுவதுதான் என் வேலை.

அதனால்தான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 11
கண்ணை மூடினால் நான் கழித்துப் போட்ட கூடுகள்தான் வருகின்றன. வெல்டிங் வெள்ளியாக மின்ன வேண்டும். காற்று கலந்தால் நீலம் பாயும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை ஹீலியம் விட்டுக் கண்டுபிடிப்போம். சரி — தப்பிப் போனது ஒன்று இருந்தால்? அய்யாவுக்கு வைக்கப்போறது எங்க கம்பெனிப் பெட்டிகூட இல்ல. யாரோ மூடுனது. மூடுன அன்னைக்கு அந்தப் புள்ளைக்குக் காய்ச்சலா இருந்திருந்தா?

அய்யாவிடம் உளறிவிட்டேன். வேற கம்பெனியோடது பார்ப்போம் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ மூடுன பெட்டி எத்தனை பேருக்குள்ள இருக்கும்?"

"தெரியலய்யா."

"அவுகள்லாம் உன்னையப் பாத்துட்டா வச்சுக்கிட்டாக?"

அய்யா தலையணையைச் சரிசெய்து சாய்ந்துகொண்டார்.

"அவுக உன்னைய நம்புனாக. நான் இதை மூடுன புள்ளைய நம்புறேன். போதும், விடு."

பிப்ரவரி 12
டாக்டர் மெஹருன்னிசா வெளியே வந்து, "நல்லபடியா வச்சாச்சு" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அவரும் உருவிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 13
மானிட்டரில் கோடு சீராக ஓடுகிறது.

பிப்ரவரி 23, சாயல்குடி
கட்டுப் பிரித்தாச்சு. இடது தோளுக்குக் கீழே லேசான புடைப்பு. "பாரு" என்று அய்யா சட்டையை விலக்கிக் காட்டினார். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ. அந்தப் பெட்டியை மூடியவளோ, மூடியவனோ — எந்த ஊரோ, என்ன பாஷையோ. நல்லா இருக்கணும். புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்.

மார்ச் 3, ஓசூர்
மறுபடியும் வேலை. முதல் கூட்டை மெஷினில் வைத்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. எந்த ஊர் அய்யாவுக்குப் போகப்போகிறதோ. மூச்சு விட்டுவிட்டு ஆரம்பித்தேன். வெல்டிங் நன்றாகவே விழுந்தது.

மத்தியானம் அம்மா போன் செய்தாள். "உங்கய்யா சொன்ன பேச்சு கேக்காம காட்டுக்கு வந்துட்டாக. வரப்புல நின்னுக்கிட்டு காளிராஜோட வம்பு பேசுறாக. சத்தம் கேக்குதா?"

கேட்டது.