அடிமரம் மாற்றிய கோடை

கோய்வுமாகி,
ஜூன் 9.

அன்புள்ள ஸைமி,

இங்கே நான் சுகம். நீயும் உன் நெஞ்சும் எப்படி இருக்கிறீர்கள்? கடிதம் கைக்கு வந்ததும் நீ படிக்க மாட்டாய் என்று தெரியும். உன் சித்தப்பா வலை காயப்போடும் கொடியில் ஒரு நாள் தொங்கவிட்டு, தாளிலிருந்து வீட்டு வாசம் போன பிறகுதான் பிரிப்பாய். அதனால் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதவில்லை. ஏரிக்கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் முதுகில் தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கொசுவைத் திட்டு, என்னைத் திட்டாதே.

முதலில் நல்ல செய்தி. வீடு நிற்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஏரிப்பக்கம் லேசாகச் சாய்வு. நூறு வயது மரவீட்டுக்கு அது ஒரு குறையே இல்லை. தகரக்கூரை ஒழுகவில்லை. பரணில் தவழ்ந்து மூலை மூலையாகத் தட்டிப் பார்த்தேன், ரஸ்க் மாதிரி காய்ந்திருக்கிறது. அடுப்பின் புகைபோக்கியில் ஒரு விரிசல் இல்லை.

கெட்ட செய்தி சமையலறை. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் விலை ஏறிய காலத்தில் நாடு முழுக்க எல்லோரும் செய்த அதே முட்டாள்தனத்தை இங்கேயும் செய்திருக்கிறார்கள். தரைக்கு அடியில் கண்ணாடிக் கம்பளி, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. குளிர் வரக்கூடாதாம், கல் அடித்தளத்தில் இருந்த காற்றுத் துளைகளையும் அடைத்துவிட்டார்கள். குளிர் வரவில்லை. ஈரம் போகவில்லை. சுவரைத் தாங்கிக் கல்லின்மேல் கிடக்கும் அடிமரத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போனது. வாசமும் வந்தது. எந்த வாசம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ பாடம் நடத்திய, உன் நெஞ்சைக் கெடுத்த பள்ளிக்கூடத்தின் அதே பூஞ்சண வாசம்தான்.

பயப்படாதே. அழுகல் அந்த ஒரு பக்கத்தோடு சரி. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, அழுகிய மரத்தை உருவிவிட்டுப் புது மரம் வைத்தால் முடிந்தது. மற்ற மரங்களைச் சுத்தியலால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கின்றன.

நீ சொன்னபடிதான் பொருள்கள் வாங்குகிறேன். பசை கிடையாது, பிளாஸ்டிக் பெயிண்ட் கிடையாது, பலகைக்குப் பதில் ஒட்டுப்பலகை கிடையாது. மரங்களுக்கு நடுவே அடைக்க ஆளி நார். ஜன்னல்கள் பக்கத்து ஊரில் இடித்த ஒரு பண்ணைவீட்டிலிருந்து சும்மா கிடைத்தன. கண்ணாடியில் குமிழி இருக்கிறது, உனக்குப் பிடிக்கும். வெளிச்சுவருக்குச் சாயம் நானே காய்ச்சப் போகிறேன். காவி மண், ரை மாவு, அன்னபேதி, தண்ணீர். கஞ்சி காய்ச்சுவதுபோல அண்டாவில் கிண்ட வேண்டும், அவ்வளவுதான். கடையில் வாங்குவதைவிட மலிவு, மூக்கை உறுத்தாது. சமையலறை அலமாரிக்கு நீலம் என்று சொல்லியிருந்தாய். எந்த நீலம்? ஒழுங்காக எழுது.

அண்டை வீட்டுக்காரர் தைஸ்தோ, ரயில்பாதைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே வந்து, கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமல் வீட்டை ஒரு சுற்று சுற்றினார். “எஞ்சினியரே, இத வாங்குனதுக்கு ஒரு தீப்பெட்டி வாங்கியிருக்கலாம். செலவு மிச்சம்” என்றார். மறுநாள் காலை தன்னுடைய பெரிய ஜாக்கி இரண்டையும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் மனைவி ஹில்க்கா தினமும் பன் கொண்டுவருகிறாள், தினமும் ஒரே கேள்வி: “வீட்டுக்காரி எப்பப்பா வருவா?” வேலை முடிந்ததும் வருவாள் என்கிறேன். உன் மூச்சைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனிதர்கள் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்றாய். சரி.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்கிறேன். அக்டோபரில் நீ தங்கியிருக்கும் தீவுக் குடிசையை உன் சித்தப்பா பூட்டியாக வேண்டும். அதில் குளிர்காலம் தாங்காது. உன் அக்கா வீட்டில் இரண்டே இரவில் உனக்கு மூச்சு முட்டியது இருவருக்கும் தெரியும். உன் இருமலுக்காக நாம் விட்டு ஓடிய வீடுகளுக்குத் திரும்பவும் முடியாது, இன்னொரு கடனுக்கு வங்கியும் இனி நம்மை உள்ளே விடாது. இந்த வீடு உனக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். வேறு இடம் நமக்கு இல்லை.

கடல்காற்றில் நன்றாக மூச்சு விடு. இரவில் தலைக்குக் குல்லாய் போட்டுக்கொள்.

இப்படிக்கு, படகு முதுகிலிருந்து,
உன் ஒட்ஸோ


கோய்வுமாகி,
ஆகஸ்ட் 3.

அன்பு ஸைமி,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு வரி. மூன்று வரி நிறத்தைப் பற்றி. ஏரி உறைவதற்கு முந்தின வாரத்து நீலம் என்று எழுதியிருக்கிறாய். பெயிண்ட் கடைக்காரரிடம் அதை அப்படியே சொன்னேன். “அந்த வாரம் நான் ஊர்ல இருக்கமாட்டேனே, எப்படிக் கலக்குறது?” என்று கேட்டார். கடைசியில் என் கண்ணுக்குப் பட்டதை ஆளி விதை எண்ணெயில் குழைத்து அடித்திருக்கிறேன். அலமாரி வெளியே வெயிலில் காய்கிறது. எண்ணெய் வாசம் போகச் சில வாரம் ஆகும்.

நான்காவது வரிக்குப் பிறகு வருகிறேன்.

போன வாரக் கடைசியில் தல்கோ வைத்தேன். நகரத்தில் அடுக்குமாடியிலேயே வளர்ந்த உனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாது. ஊரில் பாதிப் பேர் வந்தார்கள். கூப்பிட்டால் யாரும் வராமல் இருப்பதில்லை. கூலி கிடையாது, கொடுக்க நினைத்தாலே அவமானம். வயிறு நிறையப் பட்டாணி சூப்பு, காப்பி, கடைசியில் சவுனாவில் நீராவிக் குளியல். ஜாக்கிகளை ஒரே நேரத்தில் சுழற்றி வீட்டை ஒரு சாண் தூக்கினோம். மரம் முனகியது பார், மாடு கன்று போடுவது மாதிரி. அழுகிய அடிமரத்தைக் கையாலேயே பிய்த்து எடுத்தோம். பூஞ்சணம் பிடித்த கம்பளி, பிளாஸ்டிக் எல்லாம் வண்டி ஏறிப் போய்விட்டது. காற்றுத் துளைகளைத் திறந்தேன். நாற்பது, ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வீடு முதல்தடவை மூச்சு விட்டது. அன்று நீ இருந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் நகரத்தில் ஒரு காற்றோட்டச் சோதனை வேலைக்குக் கூப்பிட்டார்கள். மறுக்கிற நிலையில் நாம் இல்லை. புதுப் பைன் மரங்களை வாங்கி முற்றத்தில் அடுக்கியிருந்தேன். அளவெல்லாம் பென்சிலால் குறித்து, தைஸ்தோவிடம் விட்டுவிட்டுப் போனேன். இன்று மதியம்தான் திரும்பினேன்.

வேலை முடிந்திருந்தது. எல்லோரும் முற்றத்தில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். வெயில் கொளுத்தியது. கேட்டைத் திறக்கும்போதே எனக்கு வாசம் அடித்துவிட்டது. தார் எண்ணெய்.

என் பைன் மரம் சரியாகக் காயவில்லை, பத்து வருஷம்கூடத் தாங்காது என்று தைஸ்தோவுக்குத் தோன்றியிருக்கிறது. தன் படகுத்துறைக்காக வருஷக்கணக்கில் கொட்டகையில் சேர்த்து வைத்திருந்த, தார் எண்ணெயில் ஊறிய பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளைக் கொண்டுவந்து, இழைத்து, அடிமரமாக வைத்துவிட்டார். இணைப்பில் கத்திமுனை நுழையாது. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறது. நான் செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. “இது ஒன் பேரன் காலம் வரைக்கும் அசையாதுடா. எறும்புகூடக் கிட்ட வராது” என்று முதுகில் தட்டினார். எறும்பு வராது, உண்மைதான். நீயும் வரமாட்டாய்.

நான் நன்றி சொன்னேன். சூப்பு குடித்தேன். இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தேன். அந்த மனிதன் தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியானதைக் கொடுத்திருக்கிறான், ஸைமி. அத்தனை பேர் முன்னால் நான் என்ன செய்வது?

இதை உன்னிடம் மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். முடியாது. மற்ற எதை மறைத்தாலும் உன் நுரையீரலிடம் மறைக்க முடியாது. யாரிடமும் சொல்லாதே என்றது நீ. சரி என்றது நான். அதன் பலன் சமையலறைச் சுவருக்கு அடியில் கிடக்கிறது. நாளை காலை தைஸ்தோவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்ல நேரம் இல்லை. கோபித்துக்கொள்.

இப்போது உன் நான்காவது வரி. ‘இதற்காக இவ்வளவு பாடுபடாதே.’ இதற்கு என்ன அர்த்தம்? எனக்கு ஜாடை புரியாது, உனக்குத் தெரியும். பாடுபடாமல் வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? அதை எழுதியிருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி
ஒட்ஸோ


கோய்வுமாகி,
செப்டம்பர் 14.

ஸைமி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தீவுக்குத் தபால் படகு ஒழுங்காக ஓடவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாளே தைஸ்தோவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தின் ஒழுகிய கூரை, அங்கே பிடித்த உன் இருமல், விட்டு ஓடிய வீடுகள், எல்லாம். கடைசி வரை கேட்டார். ஹில்க்காதான் அடுப்படியிலிருந்து, “அடப்பாவி, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்று அழாத குறையாகக் கத்தினாள். கட்டையைப் பிடுங்கியாக வேண்டும் என்றேன். தைஸ்தோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “நாப்பது வருஷம் அந்தக் கட்டை மேலதான் நான் நடந்தேன், உக்காந்தேன், சோறு தின்னேன். எனக்கு என்ன ஆச்சு? ஒருத்தி மூக்குக்காகச் சுவத்தப் பேர்ப்பாங்களா?” என்றார். அப்புறம் கேட்டார்: “நெசமாவே இந்த வீட்டுல மூச்சு முட்டுமா அவளுக்கு? இல்ல, ஒன்கூட ஒரே கூரைக்கு அடியில இருந்தா முட்டுதா?”

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. யோசித்தேன். அதைப் பார்த்ததும் அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கட்டைகளை நான் தனியாகப் பிடுங்கினேன். தல்கோவில் செய்து கொடுத்ததைப் பிடுங்குகிறவனுக்கு யார் உதவிக்கு வருவார்கள்? ஒரு ஜாக்கி நழுவி விரல் நசுங்கியது, எலும்பு முறியவில்லை. குமிழிக் கண்ணாடி ஒன்று உடைந்தது. பிடுங்கின கட்டைகளை எடுத்துப் போகத் தைஸ்தோ டிராக்டரோடு வந்தார். ஏற்றினார். இப்போது சாலையில் நான் கையைத் தூக்கினால் அவர் தூக்குவதில்லை. ஹில்க்கா பன்னை வாசல் கேட் கம்பத்தில் தொங்கவிட்டுப் போகிறாள்.

ஆனால் அதோடு முடியவில்லை. ஆகஸ்ட் வெயிலில் தார் எண்ணெய் கசிந்து மேலே இருந்த பழைய மரத்துக்கும் ஏறியிருந்தது. அதையும் அறுத்து எடுத்தேன். அதற்கு மேல் இருந்ததைச் செதுக்கினேன். புதுப் பைன் வைத்து, நார் அடைத்து, தரைப்பலகையும் போட்டாயிற்று. இதற்கு மேல் அறுத்தால் சுவர் இல்லை.

இப்போது வாசம் இருக்கிறதா? எனக்குத் தெரியாது. இத்தனை வாரம் அதிலேயே கிடந்து என் மூக்கு செத்துவிட்டது. காற்றைச் சோதிக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்கிறது. உன் பள்ளியில் வைத்த கருவியும் அதையேதான் சொன்னது. ஹில்க்காவைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். சுவரோடு முகத்தை வைத்து மோந்து பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியலப்பா. ஆனா நான் மாட்டுக்கொட்டாயில பொறந்தவ, என்னப் போயி கேக்குற” என்றாள். ஆக, இந்த வீடு தேறியதா இல்லையா என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது. அது உன் நெஞ்சு. தேறவில்லை என்றால் வலிக்கப்போவதும் அதற்குத்தான். இதைவிடக் கேவலமான சோதனையை எந்த எஞ்சினியரும் யோசித்திருக்க மாட்டான். ஆனால் கேட்கிறேன்.

வெளிச்சுவருக்குக் காவி அடித்துவிட்டேன். உள்ளே சுண்ணாம்பு. நீல அலமாரியை இன்னும் உள்ளே கொண்டுபோகவில்லை. சுவரை மறைத்துவிடும், அந்தச் சுவரை நீ முதலில் பார்க்க வேண்டும். திரை இல்லை, பாய் இல்லை, மெத்தை இல்லை. மொட்டையாகத்தான் இருக்கிறது. அழகு செய்வதெல்லாம் நீ இருப்பாயா என்று தெரிந்த பிறகு.

சனிக்கிழமை மதியப் பேருந்தில் வா. வீட்டுக்குள் நுழைய வேண்டாம், முதலில் வாசலில் நில். முட்டினால் முட்டுகிறது என்று சொல். நான் வாதாட மாட்டேன், கருவியைக் காட்ட மாட்டேன். அன்றே வீட்டை விற்கச் சொல்லிவிட்டு, அக்டோபரில் எந்தக் கூடாரத்துக்கு நீ போகிறாயோ அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன். வேறு ஏதாவது சொல்ல இருந்தாலும் அதையும் அங்கேயே சொல். எனக்கு ஜாடையாக எழுதாதே. நேராகச் சொன்னால் தாங்கிக்கொள்வேன் என்று நினைக்கிறேன்.

நிறுத்தத்தில் காத்திருப்பேன். அதுவரை வீட்டுக்குள் போகாமல் கவிழ்த்த படகுக்கு அடியிலேயே படுத்துக்கொள்கிறேன். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன், அதில்தான் வாசம் அதிகம் நிற்கும் என்று நீ சொல்வாய். போட்டுக்கொள்ளப் புதுச் சட்டை காரில், தகரப்பெட்டியில் இருக்கிறது. அது வீட்டை இன்னும் பார்க்கவே இல்லை. அப்படியும் உனக்கு முடியாவிட்டால், இறங்கியதும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று மட்டும் கையால் காட்டு. அங்கே நிற்கிறேன்.

ஒட்ஸோ