கருகின க்ளட்சும் திருப்பதிக்காரனும்

துபாய்
12.8.2006

அன்புள்ள நைனாவுக்கு,

தமிழரசு எழுதறது. நான் நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி தேவலாமா? அம்மா நேரத்துக்குத் துன்றாங்களா?

போன வாரம் எங்க கம்பெனி ஷெட்டுக்கு ஒரு திருப்பதிக்காரன் பந்தயக் கார் மாதிரி ஒண்ணு ஓட்டிக்கினு வந்தான். ஆக்சிலேட்டரை மிதிச்சா எஞ்சின் கத்துது, கார் ஊர்ந்துதான் போவுது. இறக்கிப் பாத்தா க்ளட்ச் பிளேட் கருகிக் கெடக்குது. வேகம் பத்தலன்னு வெளிய குடுத்து எஞ்சினுக்கு பவர் ஏத்தியிருக்கான். அப்படி ஏத்தினா வாரண்டி கெடையாது. அதுக்குப் போட்ட பெட்டியக் கழட்டி மறைச்சுட்டு, ஒயர் வெட்டின தடம் தெரியறப்பவே ஓசியில மாத்திக்க வந்திருக்குது அந்த மூஞ்சி. என் எதிர்லயே போன்ல யார்கிட்டயோ தெலுங்குல சொல்றான்: “ஈ காடிதகு ஏம் தெலுசு?” இந்தக் கழுதைக்கு என்ன தெரியுமாம்!

“அந்தா தெலுசு சார், மாதி நகரி”ன்னேன். எல்லாம் தெரியும், எங்க ஊரு உங்க திருப்பதி பக்கத்து நகரிதான்னதும் அவன் மூஞ்சி செத்துப்போச்சு.

மேனேஜர், “பெரிய எடத்துப் பையன். எஞ்சின்ல யாரும் கை வைக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போடு”ன்னாரு. அவருக்கும் வெக்கமில்ல. பாத்ததத்தான் எழுதினேன். அவன் கைக்காசு போட்டு மாத்திக்கினு போனான். த்தூ, ஒரு பிளேட்டுக்காகப் பொய் சொல்ற பொழப்பு!

இப்ப என்னைக் கார் கழுவ விட்டிருக்காங்க. இந்த வெயிலுக்குத் தண்ணியில நிக்கறது சுகந்தான், கவலப்படாதீங்க. அந்தத் திருப்பதிக்காரன் திட்டினாலும், இங்க வந்த நாலு மாசத்துல நம்ம பக்கத்துப் பேச்சு காதுல விழுந்தது அன்னிக்குத்தான்.

பிச்சாட்டூர் வீராசாமி அண்ணன் வரும்போது நம்ம தறியில நெய்ஞ்ச லுங்கி ரெண்டு குடுத்தனுப்புங்க. இங்கயும் கெடைக்குது. ஆனாலும் அனுப்புங்க. நனைச்சுடாதீங்க, கஞ்சி வாசன போயிடும்.

வேலைக்குக் கூட்டிக்கினு போற பஸ்காரன் ஹாரன் அடிக்கறான்.

உங்க மகன்
தமிழரசு