வாசல் புத்தகத்தில் ஒரு பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஆளுநர் சர் ஹம்ஃப்ரியின் முப்பதாண்டுக் காகிதங்களை இன்னும் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. மாளிகை வாசலில் வருகைப் புத்தகம் உண்டு. அரசர் பிறந்தநாளன்று தீவின் பெரிய மனிதர்கள் அதில் கையெழுத்திடுவார்கள். தீவை விட்டுப் போகிறவர்கள் பெயருக்குப் பக்கத்தில் 'விடைபெறுகிறேன்' என்று எழுதுவார்கள். ஜனவரியில் ஆளுநர் துரையின் மனைவியும் அப்படி எழுதிவிட்டுத்தான் கப்பலேறினார். துரைக்கு அதைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது.

போன மாதம் கரும்புத் தோட்டத்தில் துரையின் உத்தரவுப்படி கூலியாட்களைச் சுட்டார்கள். இந்தப் பிறந்தநாளுக்கு ஒருவரும் வரவில்லை.

"பேனா மக்கர் பண்ணுதா, எபனேசர்?" என்று துரை கேட்டார்.

"பேனா நல்லாத்தான் இருக்கு துரை. ஊருக்குத்தான் கை வலி," என்றார் பட்லர்.

மாலையில் ஒரே ஒரு வரி இருந்தது. துரையின் பெயர், பக்கத்தில் 'விடைபெறுகிறேன்'. கையெழுத்து அவருடையதல்ல.

"'சர்' பட்டத்தக்கூட விடாம எழுதியிருக்கான்," என்று துரை சிரித்தார். காவலைக் கூட்டச் சொன்னேன், மறுத்துவிட்டார். ஜனவரிப் பக்கத்தைப் புரட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சகுனம் பார்க்கிறவள் அல்ல. ஆனால் இன்று எபனேசர் சீருடை இல்லாமல் தேநீர் கொண்டுவந்தார்.

"வெள்ளிக்கிழமைக் கப்பல்ல இடமிருக்கு அம்மணி. உங்க பேரை நீங்களே எழுதிடுங்க, வேற யாராவது எழுதறதுக்குள்ள."

கவலைப்படாதீர்கள். நான் கேட்ட மூக்குக்கண்ணாடியை அனுப்ப வேண்டாம். என் அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். தபால் பையைக் கட்டுகிறார்கள்.

வாசல் பேனா நன்றாகவே எழுதுகிறது, அம்மா.

உங்கள்
வினிஃப்ரெட்