மடிப்பு சரிசெய்யும் கை

ஜூலை 22, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பொழிச்சலூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கல். ஆடித் தள்ளுபடி தொடங்கியதிலிருந்து குரோம்பேட்டைக் கடையில் நிற்க இடமில்லை. மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு. தயிர் புளித்துவிட்டது.

பட்டு செக்‌ஷனில் கஸ்டமருக்குப் புடவையை எங்கள் மேல்தான் சுற்றிக் காட்ட வேண்டும், யூனிஃபார்ம் புடவைக்கு மேலேயே. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் பாஸ்கர் வந்துவிடுவார். "மடிப்பு இப்படி விழணும் மேடம்" என்று என் இடுப்பில் கை. மடிப்பு விழுந்த பிறகும் கையை எடுக்கமாட்டார். கஸ்டமர் பார்டரைப் பார்ப்பார். நான் சிரித்த முகமாக நிற்பேன். சிரிப்பதும் சம்பளத்தில் சேர்த்தி.

இன்று கை மேலேயும் ஏறியது. வீட்டுக்கு வந்து குளித்தேன். இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 23, புதன்

நூர்ஜஹானிடம் சொன்னேன். அதே செக்‌ஷன், பெரும்பாக்கத்திலிருந்து வருகிறவள்.

"உனுக்கு இப்பத்தான் தெரியுதாக்கா? நான் இடுப்பாண்ட ஊக்கு மாட்டிகினுதான் வேலைக்கே வர்றேன்."

"குத்திச்சா?"

"குத்திச்சு. ரெண்டு நாளு வேற பொண்ணாண்ட போனான். அவ்ளோதான்."

அந்த ரெண்டு நாளும் அவர் என்னிடம்தான் வந்திருக்கிறார். ஊக்கு போதாது.

ஜூலை 24, வியாழன்

முதலாளியின் மனைவியிடம் போனேன். புகார்க் குழுவுக்கு அவர்தான் தலைவி, லிஃப்ட் பக்கம் பலகையே மாட்டியிருக்கிறார்கள். ஏ.சி. அறை. உட்காரச் சொன்னார்.

"பாஸ்கர் எத்தனை வருஷமா இருக்கார். பொண்ணைக் கட்டிக் குடுத்தவர்மா. கூட்டத்துல தெரியாம பட்டிருக்கும். வேணும்னா உன்னைக் குழந்தைங்க செக்‌ஷனுக்கு மாத்திடறேன்."

பட்டு விற்றால்தான் கமிஷன். தொட்டவர் இருந்த இடத்திலேயே, நான் மட்டும் மூன்றாவது மாடிக்கு. நல்ல நியாயம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர், "வேலையை விட்டுடு" என்றார். "ஏன், தப்பு பண்ணது நானா?" என்றேன். அவர் தானே எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தார்.

துவரம் பருப்பு தீர்ந்தது. வாங்க வேண்டும்.

ஜூலை 26, சனி



ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். "கட்டிக் காட்டும்மா" என்றார்கள். பாஸ்கர் வந்து நின்றாயிற்று, கை நீண்டாயிற்று. எனக்கு என்ன வந்ததோ, புடவையை உதறி அவர் தோளில் போட்டேன்.

"மடிப்பு சாருக்குத்தான் நல்லாத் தெரியும் மேடம். அவர் மேலேயே பாருங்க."

விரல் படாமல் ஒரு சுற்று சுற்றினேன். படாமலும் கட்டலாம் என்று அவருக்கும் தெரியட்டும். கூட்டமே சிரித்தது. நூர் டேபிளைத் தட்டிச் சிரித்தாள். புடவையும் விற்றது.

உடனே முதலாளியம்மா ஏ.சி. அறைக்குக் கூப்பிட்டார். "ஆம்பளை மேல புடவையைப் போட்டு, அத்தனை பேர் முன்னாடி! அவருக்கு எவ்வளவு அசிங்கம்?"

"துணி பட்டதே அசிங்கம்னா, எங்க மேல கை பட்டதுக்கு என்னம்மா பேரு?"

முதலாளியம்மா பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசியில், "எழுதிக் குடு" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

ஆடியில் ஞாயிறு லீவும் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். நூர் வாங்கிப் படித்தாள்.

"இடுப்புன்னு மட்டும் போட்டுக்கீறியே. மேலன்னும் போடுக்கா. நமக்கு இன்னாத்துக்கு வெக்கம்?"

போட்டேன். அவளும் தனியாக ஒன்று எழுதினாள். இன்னும் இரண்டு பேர் "பார்க்கலாம்" என்கிறார்கள். பார்க்கட்டும். நாங்கள் கொடுத்தாயிற்று. விசாரணை முடியும்வரை பாஸ்கருக்கு குடோன் வேலை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று விசாரணை. மழை வேறு. தாம்பரம் பக்கம் நல்ல மழையாம், புகார்க் குழுவில் வெளி உறுப்பினரான வக்கீலம்மா நனைந்துதான் வந்தார்.

பாஸ்கர் சொன்னது: "புடவையைச் சரி பண்றது என் வேலை மேடம். கை படாம எப்படி?"

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "எங்கே, எப்படின்னு சொல்ல முடியுமாம்மா?"

ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வரவில்லை.

"காட்டறேன் மேடம். ஒரு புடவை குடுங்க."

கொண்டுவந்தார்கள். தினமும் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு நின்றேன். நூர் எழுந்து பாஸ்கர் நிற்கும் இடத்தில் நின்றாள். என் இடுப்பில் கை வைத்து, "இங்க வெப்பாரு," என்றாள். "எடுக்கமாட்டாரு. அப்பால இங்க." பிறகு மேலே.

முதலாளியம்மா குனிந்து புடவையின் பார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்டரை விடுங்கம்மா. கையைப் பாருங்க," என்றேன்.

பார்த்தார்.